வென்றவர் சொல்வதும் அளந்தவர் சொல்வதும்

திருவதிகையிலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூருக்குச் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கோடையில் ஒரு கணக்கு எப்போதும் உதைக்கும். பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து கிளம்பும் காற்று முகத்தில் அடிக்கிறது; போகும்போது மூச்சு வாங்குகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளுகிறது. போனபோது பட்ட சிரமத்தை வரும்போது கிடைக்கும் சுகம் ஈடுகட்டிவிட வேண்டும். ஆனால் ஈடுகட்டுவதில்லை. காற்று அசையாத விடியற்காலையில் அதே தூரம் போய்வருவதைவிட, காற்றடிக்கும் பிற்பகலில் போய்வந்தால் உடம்பு கூடுதலாகவே அசந்துபோகிறது. இதற்கு விடை எளிய எண்களில் இருக்கிறது. சைக்கிளின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், காற்றின் வேகம் 10 என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் போகும்போது உடலில் மோதும் காற்றின் வேகம் 25. கூடவே வரும்போது 5. காற்று தடுக்கும் விசை இந்த வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில், அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில் கூடுகிறது. எனவே போகும்போது தடை, காற்றில்லா நேரத்தைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு, வரும்போது ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.4 மடங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. இரு வழியிலும் ஒரே வேகத்தில் மிதித்தவர், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உழைத்திருக்கிறார்.

இந்த உண்மையைத் தொடைவலியால் உணர்ந்தவர்கள் ஏராளம். எண்ணாக அறிந்தவர்கள் சிலரே. விளையாட்டுப் பயிற்சியிலும் இதே இடைவெளி உண்டு. முன்னாள் வீரர் ஒருவர் பயிற்சியாளராகும்போது அவர் கொண்டுவரும் முதல் சொத்து, தன் உடம்பு கண்ட அனுபவம். ‘நான் இப்படித்தான் செய்தேன், வென்றேன், நீயும் செய்’ என்பது அவருக்கு இயல்பாக வரும் பாடம். அந்த அனுபவம் மதிப்புள்ளதுதான். ஆனால் அது ஓர் ஊகமே, இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்று எண்ணி, அளந்து சோதித்துப் பார்க்கிறவரே நல்ல பயிற்சியாளர் என்பது என் வாதம். இதற்குச் சிறந்த சான்றாக, சைக்கிள் பந்தய வீரராகத் தொடங்கிப் பயிற்சியாளராகி, கடைசியில் ஒரு நாட்டின் விளையாட்டுத் திட்டத்தையே வகுத்த பீட்டர் கீன் என்ற இங்கிலாந்துக்காரரின் பணி வாழ்வை எடுத்துக்கொள்ளலாம்.

1964-ல் பிறந்த கீன், பள்ளி மாணவராக இருந்தபோதே நேரப் பந்தயத்தில் தேசிய அளவில் வென்றவர். நேரப் பந்தயம் என்றால் கூட்டத்தோடு ஓட்டுவது கிடையாது. ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவது. பிறகு அவர் சிச்செஸ்டரில் விளையாட்டு அறிவியல் படித்தார். 1980களின் பிற்பகுதியில், தன்னைவிட நான்கு வயது இளையவரான கிறிஸ் போர்ட்மன் என்ற தச்சு வேலைக்காரருக்குப் பயிற்சியாளரானார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 4 கிலோமீட்டர் துரத்தல் பந்தயத்தில் போர்ட்மன் தங்கம் வென்றார். இந்தப் பந்தயத்தில் இருவர் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்புவார்கள். ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இறுதிச் சுற்றில் அதற்கு முந்தைய ஆண்டின் உலக வாகையரான ஜெர்மனியின் யென்ஸ் லேமனைப் போர்ட்மன் எட்டிப் பிடித்தே விட்டார். சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனுக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஒலிம்பிக் தங்கம் அது. பத்திரிகைகள் அவர் ஓட்டிய லோட்டஸ் நிறுவனத்தின் கார்பன் இழைச் சைக்கிளையே கொண்டாடின. வெற்றியை வண்டியின் கணக்கில் எழுதிவிட்டால், அதை ஓட்டியவரின் உடம்பை ஐந்தாறு ஆண்டுகள் யார், எப்படித் தயார்செய்தார் என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

வண்டிக்கு எவ்வளவு பங்கு, மனிதருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிய முடியுமா? முடியும். அதற்கு முதலில் திறன் என்ற கருத்து வேண்டும். ஒரு விநாடியில் செய்யப்படும் வேலையே திறன், அலகு வாட். காற்றின் தடை விசை வேகத்தின் இருமடியில் கூடுகிறது என்று பார்த்தோம். கூடுதல் வேகத்தில் போகிறவர் அந்தக் கூடுதல் தடையை ஒவ்வொரு விநாடியும் கூடுதல் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டும். ஆகவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, திறனை ஏறத்தாழ 33 சதவீதம் கூட்ட வேண்டும். மரப்பலகைத் தடத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வீரரை எதிர்ப்பதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தான். டயரின் உராய்வும் சங்கிலியின் உராய்வும் மிச்சம். அந்தக் காற்றைப் பெரும்பாலும் தடுத்து நிற்பது சைக்கிள் சட்டம் என்று தோன்றும். உண்மையில் பெரும் தடை, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்புதான். தோளைக் குறுக்கி, முதுகைத் தாழ்த்தி, கைகளை முன்னால் நீட்டினால் கிடைக்கும் லாபம், சட்டத்தை மெலிதாக்குவதில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

இதை மெய்ப்பிக்கும் ஒரு சோதனை, ஏறக்குறைய தற்செயலாகவே நடந்தது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் தடத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பது சைக்கிள் உலகின் பழைய சாதனைகளில் ஒன்று. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில் காற்று மெல்லியது, தடை குறைவு. 1996 செப்டம்பரில் மான்செஸ்டரில் போர்ட்மன் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். இரு கைகளையும் நேராக முன்னால் நீட்டி, பறப்பவரைப்போல அவர் படுத்து ஓட்டிய நிலை பின்னர் தடைசெய்யப்பட்டது. சர்வதேச சைக்கிள் சங்கம் விதியை மாற்றி, மெர்க்ஸ் காலத்து வகையான சாதாரண வண்டியில், சாதாரண அமர்வில் ஓட்டினால்தான் சாதனை என்று அறிவித்தது. அதே போர்ட்மன் அதே மான்செஸ்டரில் 2000 அக்டோபரில் அப்படி ஓட்டினார்: 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். தன்னுடைய பழைய தூரத்தைவிட ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் குறைவு. ஒரே மனிதர், ஒரே ஊர். வண்டியும் அமர்வும்தான் வேறு. சாதாரண அமர்விலேயே 56.375 கிலோமீட்டரை எட்ட வேண்டுமானால் மும்மடிக் கணக்கின்படி ஏறத்தாழ 48 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். உச்ச நிலை வீரர் எவரும் நான்கு ஆண்டில் அவ்வளவு திறனை இழப்பதும் இல்லை, பெறுவதும் இல்லை. 2000-ல் அவருக்கு வயது கூடியிருந்தது, எலும்புத் தேய்வு நோயும் இருந்தது என்பதால் வேறுபாடு முழுவதையும் காற்றின் தலையில் கட்டக் கூடாது. ஆயினும் பெரும்பங்கு காற்றினுடையது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் உடம்பு என்ற இயந்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1996 சாதனையில் போர்ட்மன் சராசரியாகச் சுமார் 440 வாட் திறனை ஒரு மணி நேரம் முழுவதும் வெளியிட்டார் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நலமான சாதாரண இளைஞர் அதில் பாதியை ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. காரணம், தசை வேலையின் விலை. உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலைச் சேர்கிறது, மிச்சம் வெப்பம். 440 வாட் பெடலுக்குப் போனால் சுமார் 1,500 வாட் வெப்பமாக உடலிலிருந்து வெளியேற வேண்டும். கடலூரின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும் நாளில் அதே உழைப்பு ஏன் சாத்தியமில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். ஆற்றலை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நிமிடத்துக்கு ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை உச்ச ஆக்சிஜன் நுகர்வு என்கிறோம். இது பெரும்பாலும் பிறப்போடு வருவது. பயிற்சியால் ஓரளவே உயரும். ஆனால் அந்த உச்சத்தில் எத்தனை பங்கை நீண்ட நேரம் பயன்படுத்த முடியும் என்பது பயிற்சியால் வெகுவாக மாறும். அதை முடிவுசெய்வது லாக்டேட் எல்லை.

லாக்டேட் என்பது தசை சர்க்கரையை வேகமாக உடைக்கும்போது உண்டாகும் பொருள். அது தசையை நோகடிக்கும் நஞ்சு என்று பல காலம் சொல்லப்பட்டது; இன்றும் மைதானங்களில் கேட்கலாம். அமெரிக்க உடலியல் அறிஞர் ஜார்ஜ் புரூக்ஸும் பிறரும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, லாக்டேட் ஓர் எரிபொருள், இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரிக்கின்றன என்பது தெளிவாகியிருக்கிறது. இங்கே வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். வடவாற்றில் வரும் நீரும் மதகுகளில் வெளியேறும் நீரும் சமமாக இருக்கும்வரை ஏரியின் மட்டம் அசையாது. வரத்து கொஞ்சம் கூடினாலும் மட்டம் ஏறத் தொடங்கும். கரையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நேரம்தான் தாங்கும். இரத்தத்தில் லாக்டேட்டும் அப்படியே. உண்டாவதும் எரிவதும் சமமாக இருக்கும் மிக உயர்ந்த திறன்தான் எல்லை. அதற்குக் கீழே ஒருவர் மணிக்கணக்கில் ஓட்டலாம். மேலே போனால் நிமிடங்கள்தான். நீண்ட பயிற்சி மதகை அகலப்படுத்துகிறது: தசைச் செல்களுக்குள் ஆக்சிஜனால் எரிக்கும் உறுப்புகள் பெருகுகின்றன, நுண்குழாய்கள் கூடுகின்றன. குறுகிய, கடுமையான பயிற்சி கரையை உயர்த்துகிறது. ஒரு மணி நேரச் சாதனைக்கு மதகு முக்கியம். நான்கு நிமிடத் துரத்தல் பந்தயத்துக்கு மதகோடு கரையும் வேண்டும்.

இதைக் கண்டறியும் முறை எளியது. நிலையான சைக்கிளில் வீரரை ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாட்டைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் காதுமடலிலோ விரல் நுனியிலோ ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால், லாக்டேட் எந்த இடத்தில் சட்டென்று ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். கீன் இத்தகைய அளவுகளைக் கொண்டு பயிற்சிக் கடுமையை நான்கு நிலைகளாகப் பிரித்தார். எத்தனை மைல் ஓட்டினாய் என்ற கேள்வி போய், எந்த நிலையில் எத்தனை நிமிடம் ஓட்டினாய் என்ற கேள்வி வந்தது. பழைய பந்தய உலகின் நம்பிக்கை, கால்களில் மைல்கள் சேரச் சேர வேகம் வரும் என்பதே. கீன் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்கினார். வெல்ல எவ்வளவு நேரம், அந்த நேரத்துக்கு எவ்வளவு திறன், இவரிடம் இப்போது இருப்பது எவ்வளவு, இடைவெளியைக் காற்றில் குறைப்பதா உடம்பில் கூட்டுவதா? 1986-ல் ஜெர்மனியின் உல்ரிஷ் ஷோபரர் பெடல் தண்டிலேயே பொருத்தக்கூடிய திறன்மானியை உருவாக்கிய பிறகு, ஆய்வகத்தில் மட்டும் பார்க்க முடிந்த வாட் எண் சாலைக்கும் தடத்துக்கும் வந்து சேர்ந்தது. எதிர்க்காற்றில் வேகம் பொய் சொல்லும், வாட் சொல்லாது.

அளவை இல்லாமல் அனுபவத்தை மட்டும் நம்பினால் என்ன கெட்டுவிடும்? ஒரு தெளிவான தீமை இருக்கிறது. மோசமாக ஓட்டிய மாணவனைப் பயிற்சியாளர் திட்டுகிறார். மறுநாள் அவன் நன்றாக ஓட்டுகிறான். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டுகிறார். மறுநாள் அவன் சற்றுக் குறைகிறான். திட்டினால்தான் ஓடுவான் என்ற முடிவு வெகு இயல்பாக வந்துவிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப் பயிற்சியாளர்களிடம் இதே நம்பிக்கையைக் கண்டு, அது ஒரு புள்ளியியல் மாயை என்று விளக்கினார். ஒருவரின் ஒவ்வொரு நாள் ஆட்டத்திலும் அவருடைய உண்மையான திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் மேலானதாகவும், மிகச் சிறந்த நாளுக்கு அடுத்தது பெரும்பாலும் கீழானதாகவும் அமையும். திட்டாவிட்டாலும் பாராட்டாவிட்டாலும் அப்படித்தான். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களில் இதைக் காட்டினார். புதிய உணவு, புதிய பயிற்சி, புதிய டயர் எல்லாவற்றிலும் இந்த மாயை புகுந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அதே நிலைமையில் பலமுறை அளப்பது, நாள்தோறும் வரும் இயல்பான ஏற்ற இறக்கத்தைவிட மாற்றம் பெரிதா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் இதிலிருந்து தப்ப வழியில்லை.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. ஆய்வகம் இல்லை, பெரிய நிறுவனம் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கைப் போட்டுத் தானே உருவாக்கிய சைக்கிளில், 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமரில் அவர் 51.596 கிலோமீட்டர் ஓட்டி ஒரு மணி நேரச் சாதனையை முறியடித்தார். அதற்கு முந்தைய நாள்தான் அதே முயற்சியில் தோற்றிருந்தார். ஆறே நாளில் பிரான்ஸின் போர்டோவில் போர்ட்மன் 52.270 என்று அதைத் தாண்டினார்; அடுத்த ஆண்டே ஓப்ரீ 52.713 ஓட்டி மீட்டுக்கொண்டார். ஆகவே விஞ்ஞானம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஓப்ரீ செய்தது என்ன? கைகளை மார்புக்குக் கீழே மடித்து முன்னால் சாயும் புதிய அமர்வை யோசித்து, வண்டியை அதற்கேற்ப மாற்றி, கடிகாரத்தைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். அவரிடம் இல்லாதது கருவிகள்தான். மற்றவர்கள் இப்படித்தான் உட்கார்ந்தார்கள் என்பதை ஏற்காமல் சோதித்தவர் என்ற முறையில் அவர் கீனின் கட்சிக்காரரே.

இரண்டாவது மறுப்பு கனமானது. தடத்தில் நான்கு நிமிடமும் ஒரு மணி நேரமும் அளந்துவிடலாம். மூன்று வாரம் மலையேறும் டூர் டி ஃபிரான்ஸை அளக்க முடியுமா? போர்ட்மன் 1994-ல் அதன் தொடக்க நாள் நேரப் பந்தயத்தை மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வென்றார். முழுப் பந்தயத்தை ஒருபோதும் வெல்லவில்லை. நாள்தோறும் மீளும் சக்தி, கூட்டத்துக்குள் முடிவெடுக்கும் சாதுரியம் ஆகியவை எண்ணுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. போதாததற்கு, சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. என்ற மருந்து அக்காலத்தில் அந்தப் பந்தய உலகில் பரவியிருந்தது; அதைக் கண்டறியும் சோதனை ஒலிம்பிக்கில் முதலில் வந்ததே 2000 சிட்னியில்தான். இந்த மறுப்பின் முதல் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அளவை எல்லாவற்றையும் பிடிக்காது. அளக்க முடியாத இடத்தில் அனுபவத்துக்கு இடம் உண்டு. அளக்க முடிகிற இடத்திலும் அனுபவத்தையே நம்புவதற்கு அது சாக்காகாது.

மூன்றாவது மறுப்பு பணம். 1997-ல் பிரிட்டனில் லாட்டரி வருமானம் விளையாட்டுக்கு வரத் தொடங்கியபோது, கீன் சைக்கிள் சங்கத்தின் உயர் திறன் திட்டத்தை வகுத்து அதன் தலைவரானார். முந்தைய ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் எல்லா விளையாட்டும் சேர்த்து வென்றது ஒரே ஒரு தங்கம். 2012-க்குள் தட சைக்கிளில் உலகில் முதலிடம் என்று அவர் குறி வைத்தபோது அது வீண்பேச்சாகத் தெரிந்திருக்கும். 2000 சிட்னியில் ஜேசன் குவேலி ஒரு கிலோமீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங்கில் தடத்தின் பத்துப் பந்தயங்களில் ஏழு தங்கம். 2012 லண்டனில் மறுபடியும் ஏழு. அதற்குள் கீன் நாட்டின் ஒட்டுமொத்த விளையாட்டு அமைப்புக்குப் போய்விட்டார். 2003 முதல் சைக்கிள் திட்டத்தை நடத்தியவர் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டு. பணம் இல்லாமல் இது நடந்திராது. ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால், அதே லாட்டரிப் பணம் பெற்ற பிரிட்டிஷ் நீச்சல் அணி சிட்னியிலிருந்து ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பியதற்கு விளக்கம் வேண்டும். பணம் சோதனைகளை வாங்கித் தரும். சோதிக்கும் மனத்தை வாங்கித் தராது.

நம் நாட்டுக்கும் இது எட்டாத கனி கிடையாது. 2019-ல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகத் தடப் போட்டியில் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரின் இந்திய அணி, அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றது. முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயம் அது. அங்கே மதகுக்கு வேலை குறைவு. கரையின் உயரமே எல்லாம். பந்தயத்தின் நீளம் என்ன என்று கேட்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி ஓடவிடும் பயிற்சியில் இத்தகைய வீரர்கள் முதல் மாதமே காணாமல் போயிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தேவைப்படுவது பெரிய ஆய்வகம் இல்லை. ஒரே சாலைத் துண்டு, ஒரே விடியற்காலை நேரம், டயரில் ஒரே அழுத்தம், ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பி.டி. வாத்தியார்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாணவரின் நேரத்தையும், அந்த வாரம் பயிற்சியில் செய்த ஒரே ஒரு மாற்றத்தையும் எழுதிவைக்கட்டும். பல்கலைக்கழகத் துறை அந்த நோட்டுகளை ஆண்டுதோறும் வாங்கி ஆராயட்டும், தேறியவர்களை அழைத்து முறையாகச் சோதிக்கட்டும். முன்னாள் வீரர்கள் பயிற்சிக்கு வரும்போது அவர்களுடைய பதக்கங்களுக்கு மரியாதை செய்வோம். கூடவே, போன வருட நோட்டு எங்கே என்றும் கேட்போம்.